ஒரு ஜாடித் தண்ணீர்

பிர்னோவில், மூடிப்போன நூற்பாலையின் நிலவறையில்
எழுபத்திரண்டு நாற்காலி.
நாடகத்துக்கு மீன் வாங்கித் தருவது என் வேலை.
கெண்டை. இரண்டு கிலோவுக்குக் குறையக் கூடாது,
துள்ளுவது கடைசி வரிசைக்கும் கேட்க வேண்டும்.

தகரத் தட்டில் மீன்.
பக்கத்தில், எவர் கைக்கும் எட்டும் உயரத்தில்,
வெள்ளை எனாமல் ஜாடி நிறையத் தண்ணீர்.
விளக்கு முழுவதும் அதன்மேல்.
ஓரத்தில் வீலேம், விசாரணை அதிகாரி,
ஒருவனிடம் அவன் பெயரை
நாற்பது தடவை கேட்டுக்கொண்டிருப்பான்.
அவ்வளவுதான் நாடகம்.

"உறைக்க வேண்டும்" என்பார் இயக்குநர் ஒல்ட்ரிஹ்.
"கைதட்டிவிட்டு நேரே போய்ப் பன்றிக்கறி தின்பவர்களுக்கு
ஒரு நாளாவது உறைக்க வேண்டும்."

உறைந்துதான் போனார்கள்.
பதினாறு இரவுகள்.
ஒருத்தி அழுதாள்.
ஒரு பல் மருத்துவர் டிக்கெட் காசைத் திருப்பிக் கேட்டார்.
பாதியில் வெளியேறிய இரண்டு மாணவர்கள்
கதவை ஓசைப்படாமல் சாத்திவிட்டுப் போனார்கள்,
மற்றவர்களுக்கு இடைஞ்சலாகிவிடக் கூடாதே.
ஒரு பத்திரிகை 'ஈவிரக்கமற்றது' என்று எழுதியது.
அதைக் கத்தரித்து வாசலில் ஒட்டினோம்.

பன்னிரண்டாம் நிமிடம் விளக்கணையும்.
இருட்டில் ஓடிப்போய் மீனை வாளியில் போடுவேன்.
அதுவரை திரைக்குப் பின்னால் நின்று
கடிகாரம் பார்த்தவள்தான் நானும்.
எனக்குச் சம்பளம் உண்டு.

பிறகு வாளியோடு கடைசி டிராம்,
வீட்டுக் குளியல் தொட்டி.
கிறிஸ்துமஸ் நெருங்கினால் இந்த ஊரில்
பாதி வீட்டுத் தொட்டிகளில் கெண்டை நீந்தும்,
யாரும் ஏனென்று கேட்பதில்லை.
குழாயை இரவெல்லாம் திறந்தே வைப்பேன்.
மீனுக்குக் காற்று வேண்டும் என்பது ஒரு காரணம்.
சுவருக்கு அந்தப் பக்கம் ஹுதெட்ஸின் குரல் ஏறும்,
ஏதோ விழும்,
அவர் மனைவி ஒரே சொல்லைத் திரும்பத் திரும்பச் சொல்வாள்.
தண்ணீர்ச் சத்தத்தில் அது என்ன சொல் என்று புரியாது.

பதினேழாம் இரவு
மூன்றாம் வரிசையிலிருந்து ஒரு பெண் எழுந்தாள்.
டிராம் ஓட்டுநர் சீருடை, மேலே கம்பளிச் சால்வை.
"கொஞ்சம் வழி விடுங்கள், கொஞ்சம் வழி."
முழங்கால்களைத் தாண்டி வந்து
மேடையேறி, ஜாடியை எடுத்து, ஊற்றினாள்,
ஜன்னலோரச் செடிக்கு ஊற்றுவது போல.
வெறும் ஜாடியை இருந்த இடத்திலேயே வைத்தாள்.
திரும்பிப் போய் உட்கார்ந்துகொண்டாள்.
அப்போது ஒன்பதாம் நிமிடம்.

வீலேமுக்கு எண்ணிக்கை தப்பியது,
இருபத்தெட்டா, இருபத்தொன்பதா?
கைதி சிரித்துவிட்டான்.
விளக்கறையில் ஒல்ட்ரிஹ் எழுந்து நின்றார்.
இதற்காகத்தானே காத்திருந்தார் என்று நினைத்தேன்.
அவர் முகத்திலோ
வீட்டுக்குள் திருடன் புகுந்த வெளிறல்.
ஒருவர் எழுந்து வந்துவிட்டால் பிறகு என்ன என்று
ஒரு வரிகூட அவர் எழுதியிருக்கவில்லை.

மேலங்கிகள் தொங்கும் இடத்தில் அவளைப் பிடித்தேன்.
யர்மிலா என்றாள். "நாடகத்தைக் கெடுத்துவிட்டேனா?"
தெரியவில்லை என்றேன்.
"நாடகமென்று அந்த மீனிடம் யாராவது சொன்னீர்களா?"
கையுறை ஒன்றைக் காணோமென்று தேடினாள்.
சட்டைப்பையிலேயே இருந்தது.

மறுநாள் ஒல்ட்ரிஹ் நான்கு திருகாணிகள் தந்தார்.
"ஜாடியை மேசையோடு இறுக்கிவிடு."
இறுக்கினேன். நன்றாகவே இறுக்கினேன்.

அன்றிரவு குழாயைத் திறக்கவில்லை.
தொட்டியில் மீன் வாயைத் திறந்து திறந்து மூடியது.
சுவருக்கு அப்பால் அந்தச் சொல் கேட்டது.
"போதும்."
இத்தனை நாளும் இதுதான்.

பொது நடையில் காலுறையோடு நின்றேன், மணி பதினொன்றரை.
என்ன பேசுவதென்று எனக்கும் யாரும் எழுதித் தரவில்லை.
அழைப்பு மணியை அழுத்தினேன்.
கதவு ஒரு கையகலம் திறந்தது.
"உப்பு இருக்குமா?"
ஹுதெட்ஸ் என்னைப் பார்த்தார்,
என் ஈரக் கைகளைப் பார்த்தார்.
அவர் முதுகுக்குப் பின்னால்
அவள் எழுந்து சமையலறைக்கு நடக்கும் சத்தம்.
ஒரு கோப்பை உப்பு.

நாளைக்கு எண்ணெய் கேட்கலாம்.
அதற்கடுத்த நாள் முட்டை.